நடுவில் ஒன்பது

எடைமேடைக் குமாஸ்தாவுக்குத் தெரிந்த கணக்கு கழித்தல் ஒன்றுதான். சரக்கோடு வரும் லாரியை மேடையில் ஏற்றினால் ஓர் எண். சரக்கை இறக்கிவிட்டு வெறும் லாரியாகத் திரும்பி வந்தால் இன்னோர் எண். பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து, சீட்டில் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தால் வேலை முடிந்தது. அந்தக் கழித்தலையும் போன ஆறு வருடமாக மெஷினே செய்துவிடுகிறது. முத்திரை குத்துவது மட்டும்தான் மனித மூளைக்கு மிச்சம். மிச்சமான மூளையை வைத்துக்கொண்டு அந்த மனிதர் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. தினசரி லாட்டரிக்குச் சூத்திரம் கண்டுபிடித்தார்.

அவருடைய மனைவி ஒரு மாலைப் பத்திரிகையில் பிழை திருத்துகிறவள். ஆபீசில் எல்லாருக்கும் அவள் 'புரூஃப் அக்கா'. பதினோரு வருடமாக அவள் கண்ணில் படாமல் ஒரு கொம்போ சுழியோ அச்சுக்குப் போனதில்லை என்று ஆசிரியரே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். சம்பளம் கூட்டச் சொன்னால் மட்டும் அவருக்குக் காது கேட்காது. தெருவில் நடந்தாலும் அவளைக் கூப்பிடுவது கடைப் பலகைகளில் இருக்கும் பிழைகள்தான். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு வாசலில் 'வீடு வாடைக்கு விடப்படும்' என்று தொங்கிய அட்டையை நான்கு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஐந்தாம் நாள் கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து 'வாடகைக்கு' என்று திருத்திவிட்டு வந்தவள் அவள்.

அப்பேர்ப்பட்டவளுடைய வீட்டு அலமாரியில், அவளுடைய புருஷனின் கையெழுத்தில், ஒரு நோட்டுப் புத்தகம். அட்டையில் தலைப்பு: 'அதிஷ்டச் சூத்திறம்'. இரண்டே வார்த்தை, இரண்டு பிழை. உள்ளே புரட்டிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

சூத்திரம் இதுதான். லாட்டரியில் தினமும் மூன்று இலக்கத்தில் ஓர் எண் விழும். நேற்று விழுந்த எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். அதைத் திருப்பிப் போட வேண்டும். பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும். வந்த விடையோடு இன்றைய தேதியைக் கூட்டினால் இன்றைக்கு விழப்போகும் எண். தேதியைக் கூட்டாவிட்டால் கணக்குக்கு உயிர் இல்லையாம். இதைக் கண்டுபிடித்த அன்று சாப்பாட்டுத் தட்டைக்கூடத் தள்ளிவைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"இங்க பாரு. நேத்து விழுந்தது அறுநூத்தி முப்பத்தி ஒண்ணு. திருப்பினா நூத்தி முப்பத்தி ஆறு. கழி. என்ன வருது?"

"நானூத்தித் தொண்ணூத்தி அஞ்சு."

"முந்தாநாள் எண்ணூத்தி அம்பத்தி ரெண்டு. திருப்பிக் கழி."

"ஐநூத்தித் தொண்ணூத்தி நாலு. அதுக்கென்ன இப்ப?"

"நடுவுல பாரு! அதுலயும் ஒன்பது, இதுலயும் ஒன்பது. ஒரு மாசத்து நம்பரைப் போட்டுப் பாத்துட்டேன். எல்லாத்துலயும் நடுவுல ஒன்பது. யாரோ ஒளிச்சு வெச்ச மாதிரி இருக்குல்ல?"

அவள் இலையில் உப்பு வைக்கிற மாதிரிப் பொறுமையாகக் கேட்டாள். "நம்ம வீட்டுக் கதவு நம்பர் என்ன?"

"நானூத்திப் பதினேழு."

"திருப்பிப் போட்டுக் கழிங்க."

கழித்தார். இருநூற்றுத் தொண்ணூற்று ஏழு.

"நடுவுல ஒன்பதா? முதலும் கடைசியும் வேற வேறயா இருந்தா, எந்த மூணு இலக்க நம்பரைத் திருப்பிப் போட்டுக் கழிச்சாலும் நடுவுல ஒன்பதுதாங்க வரும். ரகசியமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. எண்ணிப் பாத்தா மொத்தமே ஒன்பது விடைதான் இருக்கு. சுத்திச் சுத்தி அதுல ஒண்ணுதான் வரும்."

அவர் கதவு எண்ணையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்கள் கலங்க அவளைப் பார்த்தார்.

"நம்ம வீட்டுக்கும் வேலை செய்யுதே!"

செவிடன் காதில் சங்கு ஊதினால்கூடச் சங்குக்கு ஒரு மரியாதை இருக்கும். அன்றைக்கு அவள் வாயை மூடியவள்தான். அதற்குப் பிறகு அவரிடம் வாதம் செய்யவில்லை. சிரிப்பை மட்டும் சமையலறையில் வைத்துக்கொண்டாள். அங்கே அவளுக்குக் கூட்டாளி இருந்தாள், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள். திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு அப்பாவின் குரலில், "இது சாதாரணக் கழித்தல் இல்ல!" என்று அவள் சொல்லிக் காட்டினால் அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறும். அந்த ஒன்பது விடைகளையும் அம்மாதான் அவளுக்கு வரிசையாக எழுதிக் காட்டியிருந்தாள். பள்ளிக்கூடக் கணக்கைவிட வேகமாக அந்தப் பெண் அதைப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் இரண்டு பேருக்காவது மண்டை சரியாக இருக்கிறது என்பதில் தாய்க்கும் மகளுக்கும் ஒரு ரகசிய கர்வம்.

ஆறு வருடத்தில் ஒரு முறைகூட எண் விழவில்லை. அதனால் அவர் அசந்தாரா என்றால் இல்லை. விழாத ஒவ்வொரு நாளும் அவருக்கு விளக்கம் இருந்தது. தேதியோடு மாதத்தையும் கூட்டியிருக்க வேண்டும். கூட்டுவதற்குப் பதில் கழித்திருக்க வேண்டும். நேற்று விழுந்த எண் முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருந்ததால் கணக்குக்கு ஓய்வு நாள். முடிவு தெரிந்த பிறகு அந்த முடிவுக்கு வழி போடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அதைப் பார்த்து அசந்துபோய்த்தான் முடிதிருத்தும் கடைக்காரர் அவருக்குக் 'கணக்குப்புலி' என்று பட்டம் கொடுத்தார். புலி அதை மறுக்கவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் கறார். நேற்றைய எண்ணை லாட்டரிக் கடைப் பலகையில் பார்த்து எடுக்க மாட்டார். யாராவது வாயால் சொன்னாலும் ஏற்க மாட்டார். மாலைப் பத்திரிகையில் அச்சில் வந்தால்தான் அவருக்கு அது எண். "சாக்பீஸ்ல எழுதினதை யாரு நம்புறது? பேப்பர்ல வர்றது என் பொண்டாட்டி கண்ணு பட்டு வர்ற நம்பரு" என்று முடிதிருத்தும் கடையில் சொல்லிக்கொள்வாராம். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் அவளைப் பற்றி அவர் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான். அதையும் அவள் மூன்றாம் மனிதர் வாயால்தான் கேட்டாள்.

குலுக்கல் பிற்பகல் இரண்டரைக்கு. கால் மணி நேரத்தில் தொலைபேசியில் எண் வரும். ஆபீசில் ஒருவர் அதைத் துண்டுச் சீட்டில் எழுதித் தட்டச்சுக்காரப் பெண்ணிடம் கொடுப்பார். அவள் பக்கத்தில் ஏற்றி ஒரு படி எடுத்து புரூஃப் அக்காவிடம் தள்ளுவாள். மூன்றே காலுக்குள் பக்கம் அச்சுக்குப் போயாக வேண்டும். சரியாக மூன்று மணிக்கு மேசைத் தொலைபேசி அடிக்கும். கணக்குப்புலிதான். எடைமேடை ஆபீஸ் போனிலிருந்து பேசுவார். சொந்தச் செல்போனில் பேசினால் காசு போகுமே.

"வந்துருச்சா?"

"பேப்பர்ல பாத்துக்கங்க."

"கடைசி நம்பர் மட்டும் சொல்லேன். ஒத்தையா, ரெட்டையா?"

"வேலையா இருக்கேன். போனை வைங்க."

தினமும் இதே பேச்சு. அச்சாகும் முன் எண்ணை வெளியே சொல்லக் கூடாது என்பது அவளாகப் போட்டுக்கொண்ட விதி. புருஷனுக்காகவும் அதைத் தளர்த்தவில்லை. புருஷன் என்பதாலேயே தளர்த்தவில்லை என்றும் சொல்லலாம்.

பதின்மூன்றாம் தேதியும் அப்படித்தான் போன் வந்தது. இடது கையில் சீட்டு, வலது கையில் சிவப்புப் பேனா, தோளுக்கும் காதுக்கும் நடுவில் ரிசீவர். சீட்டில் முந்நூற்று எண்பத்தி ஆறு. தட்டச்சுக்காரப் பெண்ணின் விரல் ஆறுக்கு மேலே இருக்கும் ஒன்பதில் பட்டு, அச்சுப் பக்கத்தில் இருந்தது முந்நூற்று எண்பத்தி ஒன்பது. "ஒத்தையா ரெட்டையான்னாவது சொல்லேன்" என்று அவர் இழுத்துக்கொண்டிருந்தார். "வைங்கன்னா வைங்க!" என்று அவள் பல்லைக் கடித்த அந்த நொடியில் கண் அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டது. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலையில் சீட்டுகளைக் கோப்பில் சேர்க்கும்போதுதான் பார்த்தாள். பதினோரு வருடம்! நேராக ஆசிரியரிடம் போய்ச் சீட்டையும் பத்திரிகையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். அவர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பார்த்தார்.

"யாராவது வந்து கேட்டாங்களா?"

"இல்ல சார்."

"லாட்டரிச் சீட்டு வாங்கறவன் கடைப் பலகையைத்தாம்மா பாப்பான். நம்ம பேப்பரை யாரு பாக்கறா? விடு."

"ஒரு திருத்தம் போட்டுரலாம் சார்."

"திருத்தம் போட்டா தப்புன்னு தெரிஞ்சுருமேம்மா" என்றார் ஆசிரியர். பத்திரிகை நடத்த வந்தவர் பேசுகிற பேச்சு. அவள் சீட்டை எடுத்துக்கொண்டு வந்து கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. யாருக்கோ என்னவோ ஆகிவிட்டதென்று பதறிக்கொண்டு உள்ளே ஓடினாள். கூடத்தின் நடுவில் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் மாலை போடாததுதான் குறை. முடிதிருத்தும் கடைக்காரர் அவளைப் பார்த்ததும் குரல் உடைந்து, "அண்ணி! அண்ணன் அடிச்சுட்டாரு!" என்றார்.

விழுந்த எண் அறுநூற்று எட்டு. அவர் வாங்கியிருந்த சீட்டும் அறுநூற்று எட்டு. அவர் அவளிடம் நோட்டை நீட்டினார். முந்நூற்று எண்பத்தி ஒன்பது. திருப்பினால் தொள்ளாயிரத்து எண்பத்தி மூன்று. கழித்தால் ஐந்நூற்றுத் தொண்ணூற்று நான்கு. தேதி பதினான்கைக் கூட்டினால் அறுநூற்று எட்டு. அவள் நின்ற இடத்திலேயே உண்மையான எண்ணைப் போட்டு மனசுக்குள்ளேயே கணக்குப் பார்த்தாள். முந்நூற்றுப் பதினொன்று வந்தது. கிட்டக்கூட இல்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை தெரியும். இங்கே உட்கார்ந்தது காக்கைகூட இல்லை, காக்கை என்று தப்பாக அச்சடித்த ஏதோ ஒன்று.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அத்தனை பேர் முன்னால் தன் பதினோரு வருடத்தை உடைத்துப் போட அவளுக்கு மனம் வரவில்லை. பரிசுப் பணம் ஒன்றும் மலையளவு இல்லை, ஒரு வாரத்தில் கரைந்துவிடும், ஆட்டமும் அதோடு அடங்கும் என்று நினைத்தாள். பணம் கரைந்தது. ஆனால் அதில் ஒரு பங்குக்கு அவர் வெள்ளைப் பலகை ஒன்று வாங்கிக் கூடத்துச் சுவரில் மாட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் வகுப்பு. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். இவர் பட்டப்பகலில் வீட்டுக்குள்ளேயே பிடித்தார். சீடர்கள் ஆறு பேர். முடிதிருத்தும் கடைக்காரர், தையல்காரர், ஒரு லாரி டிரைவர், மின்சார மீட்டர் கணக்கெடுப்பவர், மருந்துக்கடைக்காரர். ஆறாவது ஆள் ஒரு பாங்கில் முப்பது வருடம் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த மனிதர் வாழ்நாளெல்லாம் எண்களோடு குடித்தனம் நடத்தியவர். அவரும் கழித்துப் பார்த்து நடுவில் ஒன்பது வந்ததும் "ஆகா" என்றார். படித்தவன், படிக்காதவன் என்ற பேதமெல்லாம் ஆசை வந்த இடத்தில் அழிந்துவிடுகிறது என்று அவளுக்குத் தோன்றியது. சமத்துவம் வேண்டுமென்றால் லாட்டரிக் கடை வாசலில் போய் நிற்கலாம்.

எட்டு ஞாயிறு போனது. யாருக்கும் ஒன்றும் விழவில்லை. அதுவரை தன் சம்பளத்துக்குள் விளையாடியவர், விழாததற்கும் காரணம் கண்டுபிடித்தார். எடைமேடை வேலைதான் தடையாம். அரை மனசோடு செய்தால் கணக்கு கோபித்துக்கொள்கிறதாம். ஒன்பதாவது ஞாயிறு வகுப்பு தொடங்கியதும் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார்.

"நாளைக்குக் காலையில மேனேஜர்ட்ட குடுத்துறப் போறேன். ராஜினாமா. இனிமே முழு நேரமும் சூத்திரந்தான்."

ஆறு பேரும் கைதட்டினார்கள். தட்டாமல் என்ன செய்வார்கள்? அவர்கள் யாரும் தங்கள் வேலையை விடவில்லை.

சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருந்த அவளுக்குக் கை அப்படியே நின்றது. அந்த வீடு எடைமேடைக் கம்பெனியின் வீடு. கூடம், ஓர் அறை, திரை போட்ட சமையலறை. ஜன்னலைத் திறந்தால் லாரிப் புழுதிதான். ஆனாலும் வேலை இருக்கும்வரைதான் அந்தக் கூரை. வேலையை விட்டால் முப்பது நாளில் சாவியை ஒப்படைக்க வேண்டும். மகளுடைய பள்ளிக்கூடம் அடுத்த தெருவில். தன் சம்பளத்துக்கு இந்தப் பக்கத்தில் ஒரு மாட்டுக்கொட்டகைகூடக் கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும். மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தாள். இந்த முறை சொல்லிக் காட்டவோ சிரிக்கவோ இல்லை.

"இந்தாம்மா, கொஞ்சம் வா. லெட்டர்ல பிழை இருந்தா பாரு" என்று கூடத்திலிருந்து அவர் குரல் வந்தது.

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போய் வாங்கிப் பார்த்தாள். பத்து வரிக் கடிதத்தில் பதினோரு பிழை. 'வேலையிலிருந்து விளகுகிறேன்' என்று எழுதியிருந்தார். குடும்பத்தையே தெருவில் நிறுத்தப்போகும் அந்த ஒரு சொல்லையும் தப்பாக எழுதியிருந்தார். அவளுடைய கை, கேட்காமலேயே, தையல்காரர் காதில் இருந்த பென்சிலை வாங்கி 'ள'வை அடித்து 'ல' போட்டது. போட்ட பிறகுதான் தான் என்ன செய்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. பென்சிலைக் கீழே வைத்தாள். உள்ளே போய்க் கைப்பையை எடுத்துவந்தாள்.

"இதை எல்லாரும் பாருங்க" என்று ஆபீஸ் துண்டுச் சீட்டை வெள்ளைப் பலகையில் காந்தத்தால் ஒட்டினாள். "பதிமூணாந்தேதி விழுந்தது முந்நூத்தி எம்பத்தி ஆறு. பேப்பர்ல வந்தது முந்நூத்தி எம்பத்தி ஒன்பது. தப்பு. நான் பாக்காம விட்ட தப்பு. பதினோரு வருஷத்துல ஒரே தப்பு. அந்தத் தப்பு நம்பரை வெச்சுத்தான் இவரு கணக்குப் போட்டாரு. சரியான நம்பரைப் போட்டிருந்தா முந்நூத்திப் பதினொண்ணு வந்திருக்கும். ஒரு மண்ணும் விழுந்திருக்காது. உங்க சூத்திரம் அன்னைக்கும் தோத்துதான் போச்சு. புரியுதா? குருட்டாம்போக்குல அடிச்சது."

சொல்லி முடித்தபோது அவளுக்கு வெட்கத்தில் காது மடல் எரிந்தது. காசாளர் எழுந்து போய்ச் சீட்டை உற்றுப் பார்த்தார். தையல்காரர் தன் பென்சிலை எடுத்துக் காதில் செருகிக்கொண்டார். இவர்கள் ஒவ்வொருவராக எழுந்து செருப்பு மாட்டிக்கொண்டு போவார்கள் என்று அவள் எதிர்பார்த்தாள்.

கணக்குப்புலி மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். உதடுகள் எதையோ எண்ணிக்கொண்டிருந்தன. பிறகு முகம் மெல்ல மலர்ந்தது.

"அன்னைக்கு நீ ஏன் பாக்காம விட்ட?"

"நீங்க போன் பண்ணி உயிரை எடுத்தீங்க. அதனாலதான்."

அவர் துள்ளி எழுந்தார். "கேட்டீங்களாப்பா? நான் போன் பண்ணினேன். அதனால நம்பர் மாறிச்சு. மாறின நம்பர்லதான் விழுந்துச்சு! ஆறு வருஷமா நானும் எங்கடா ஒரு படி கொறையுதுன்னு தேடிட்டிருந்தேன். அந்தப் படி இவ!"

"அடேங்கப்பா" என்றார் லாரி டிரைவர்.

"அண்ணி, உங்க கண்ணுல இருக்கு சூட்சுமம்" என்று முடிதிருத்தும் கடைக்காரர் கையெடுத்தே கும்பிட்டுவிட்டார். "தினம் ஒரே ஒரு தப்பு விடுங்க அண்ணி. எங்களுக்கு அது போதும்."

பதினோரு வருட மானத்தை எடுத்து நடுக்கூடத்தில் வைத்தாள். அதையும் அவர்கள் சூத்திரத்தில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொண்டார்கள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவனிடம் நாலாவது காலை வெட்டி எடுத்துக் காட்டினால், அதுவும் அந்த முயலின் காலேதான் என்பான். தப்புச் செய்துவிட்டாயே என்று ஒரு வார்த்தைகூட அவர் கேட்கவில்லை. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட வலித்தது. அவர் கடிதத்தை மடித்துப் பையில் வைக்கப்போனார்.

அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. தோன்றிய உடனே தன்மேலேயே அருவருப்பாகவும் இருந்தது. ஆனால் கடிதம் பைக்குள் போய்க்கொண்டிருந்தது.

"அன்னைக்கு எந்த போன்லேருந்து பேசினீங்க?" என்றாள். குரலை இறக்கி, மெதுவாக.

"எடைமேடை ஆபீஸ் போன்."

"அதோட கடைசி மூணு நம்பர் என்ன?"

"இருநூத்தி நாப்பத்தி எட்டு."

"பலகையில போடுங்க. திருப்பிக் கழிங்க."

அவர் போட்டார். எண்ணூற்று நாற்பத்தி இரண்டிலிருந்து இருநூற்று நாற்பத்தி எட்டு. ஐந்நூற்றுத் தொண்ணூற்று நான்கு.

பரிசு விழுந்த அன்று வந்த அதே ஐந்நூற்றுத் தொண்ணூற்று நான்கு. ஆறு வாய்கள் ஒன்றாகப் பிளந்தன. இரண்டுக்கும் எட்டுக்கும் வித்தியாசம் ஆறு, மூன்றுக்கும் ஒன்பதுக்கும் வித்தியாசம் ஆறு, வித்தியாசம் ஒன்றானால் விடையும் ஒன்று. அதற்கு மேல் அதில் ஒரு புண்ணாக்கும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டாள்.

"உங்க செல்போன் கடைசி மூணு?"

"நூத்தி அஞ்சு." அவரே கழித்தார். "முந்நூத்தித் தொண்ணூத்தி ஆறு..."

"ஒத்து வராது" என்றார் காசாளர், மருத்துவர் மாதிரித் தலையை ஆட்டிக்கொண்டு.

"அப்ப அந்த ஆபீஸ் போனு, அந்த மூணு மணி, அந்த நாற்காலி. இதுல ஒண்ணு போனாலும் கணக்கு போச்சு" என்றாள் அவள். "நாளைக்கு லெட்டரைக் குடுத்துட்டா நாளன்னைக்கு அந்த போனை யாரு தொட விடுவாங்க?"

கணக்குப்புலி கையில் இருந்த கடிதத்தை ஏதோ பாம்பைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தார். பிறகு இரண்டாகக் கிழித்தார், நான்காகக் கிழித்தார். முடிதிருத்தும் கடைக்காரர் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினார்.

"தப்பை நான் வேணும்னு விட மாட்டேன்" என்று அவள் சேர்த்துச் சொன்னாள். "வேணும்னு விட்டா கணக்கு கெட்டுடும். தானா வந்தா வரட்டும்."

"சரிதான், சரிதான்" என்று ஆறு பேரும் சொன்னார்கள்.

அவர் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார். கல்யாணப் படத்தில்கூட அவர் அவளை அப்படிப் பார்த்ததில்லை. "இவ்வளவு மூளைய இத்தனை வருஷமா எங்க ஒளிச்சு வெச்சிருந்த?" என்றார், எல்லார் முன்னாலும். அவளுடைய கேடுகெட்ட மனசு அந்த ஒரு வார்த்தைக்குக் குளிர்ந்துபோனது. எதற்காகச் சொல்கிறார் என்று தெரிந்தும் குளிர்ந்தது. அதை நினைத்தபோது அவளுக்கு அவர்மேல் வந்த ஆத்திரத்தைவிடத் தன்மேல் வந்த ஆத்திரம்தான் பெரிதாக இருந்தது. டீ போடுகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தாள்.

மகள் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். முதலிலிருந்து கடைசிவரை கேட்டிருக்கிறாள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"நீயுமாம்மா?"

வீட்டுக்காகடி, உனக்காகடி என்று சொல்ல வாயெடுத்தாள். திரைக்கு அந்தப் பக்கம் ஏழு பேரின் காதுகளும் திறந்திருந்தன. கூரை இன்னும் தலைக்கு மேல் இருந்தது. அதை ஒரு வாக்கியத்தில் இழக்க அவள் தயாராக இல்லை. தண்ணீரை அடுப்பில் வைத்தாள்.

"டம்ளரை எடுத்து வை. ஏழு" என்றாள்.

மகள் அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தாள். மெதுவாக, எண்ணி எண்ணி வைத்தாள். எட்டு டம்ளர் இருந்தது.

"ஏழு பேருதானடி? எட்டாவது யாருக்கு?"

"உனக்குத்தான். நீயும் அங்கயே போய் அவங்களோட உக்காந்து குடி" என்று சொல்லிவிட்டு, புத்தகத்தை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே போனாள்.